படுத்துக் கிடந்த போட்டோக்கள்

போன ஞாயிறு எங்கள் ஆவடி ஃபிளாட்டில் ஆயிரத்து இருநூறு போட்டோக்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. என் போன், தங்கை போன் இரண்டிலும் இடம் போதவில்லையென்று கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டர்களாகக் கொட்டிவிட்டு, போன்களில் அழித்துவிட்டிருந்தோம்.

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. எந்தப் போட்டோவிலும் ஃபேக்டரி ஐ.டி. கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி முறைப்பார் மனுஷர். ஒன்றே ஒன்றில்தான் சிரிப்பு. அதைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றாள் அம்மா.

மேல் வீட்டு தினேஷ் ஐ.டி.காரன். ஒவ்வொன்றாக ஏன் திருப்புகிறீர்கள், கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினால் மொத்தமும் தானாக நிமிர்ந்துவிடும் என்றான்.

ஓசியில், அதுவும் சிரித்த முகமாக ஒருவன் உதவுகிறானென்றால்... எனக்கு நம்பிக்கை வராது. நம் குடும்பப் படங்களை எங்கேயாவது அனுப்பிவிட்டால்? வை-ஃபையை அணைக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அணைத்தான். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது!

மூன்றே நிமிஷம். எல்லாம் நிமிர்ந்து, ஒரே ஃபோல்டரில் வரிசையாக நின்றன. பழையவற்றை ஸ்கிரிப்டே அழித்துவிட்டது.

"உங்கப்பா எங்கடா?" என்றாள் அம்மா.

தேடினோம். அப்பா படத்தின் நம்பரில், வெள்ளானூரில் தங்கை வாங்கிய மனையின் போர்வெல் நின்றுகொண்டிருந்தது. என் போனும் தங்கை போனும் ஒரே மாடல். இரண்டும் படங்களுக்கு ஒரே நம்பர்களைப் போட்டிருக்கின்றன. ஒரு ஃபோல்டரில் ஒரு நம்பருக்கு ஒரு படம்தான் நிற்கும்; சேர்த்தபோது, பின்னால் வந்த போர்வெல் அப்பா மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தினேஷின் முகம் வெளுத்துவிட்டது. "இத்த நான் யோசிக்கவே இல்ல சார்" என்றான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்களிடம் மறைப்பானேன்? அவன் வருவதற்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். வெளியே எடுத்தால் அவனை நம்பாதது தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் அப்பா இல்லை. வெட்கத்தோடு சட்டைப் பையில் கைவிட்டேன்.

திரையில் அப்பா, படுத்தபடியே சிரித்தார். அம்மா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

தினேஷ் பென் டிரைவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நல்ல வேள சார்... நீங்க என்னிய நம்பல."