ஆர். தமிழரசி

எங்கள் பல்கலைக்கழகக் கலை அறிவியல் கல்லூரியில் படித்துச் சாதித்தவர்களுக்குப் பாராட்டு விழா. அழைக்கும் பொறுப்பு அலுவலகத்தில் இருக்கும் எனக்கு. இனிஷியல் சரியாக இருந்தால் ஆளும் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"பாட்டனி படிச்ச ஆர். தமிழரசிங்களா?" என்று போனில் கேட்டேன்.

"ஆமாங்க."

விருது தருகிறோம் என்று தேதியைச் சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டேன்.

விழாவன்று காலை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவரிடம், "எந்த ஆய்வகத்துல இருக்கீங்க மேடம்?" என்றேன்.

"காடாம்புலியூர்ல முந்திரிக் கன்னு நர்சரி வச்சிருக்கேன் சார்."

ஆள் மாறிவிட்டது. கேடயத்தில் 'விஞ்ஞானி ஆர். தமிழரசி' என்று பொறித்தாகிவிட்டது. உள்ளே துணைவேந்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். இவரை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது?

"தப்பு என்னுதும்மா..." என்று இழுத்தேன்.

அவர் சிரித்தார். "தெரியும் சார். படிக்கறப்ப நான் வி. தமிழரசி. ஆர் எங்க வூட்டுக்காரரு இனிஷியல். நீங்க தேடற தமிழரசி அப்ப ஆர், கல்யாணத்துக்கப்புறம் கே ஆயிட்டா. நாங்க ஒரே பெஞ்சு. விருதுன்னு சொன்னதுமே அவளுக்குத்தான்னு புரிஞ்சிது. கையோட இட்டாந்துட்டேன்."

ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்த இன்னொரு பெண்மணி கும்பிட்டார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

மேடையில் கேடயத்தை வாங்கிய விஞ்ஞானி, நேராக இறங்கி வந்து தோழியின் மடியில் அதை வைத்தார். "ஆர்னு இனிஷியல் போட்டிருக்கு. இப்ப இது ஒம் பேருதான்டி."

இப்போதெல்லாம் பெண்களை அழைத்தால், படித்த காலத்து இனிஷியலையும் கேட்டுக்கொள்கிறேன். அன்று சரியான ஆளைக் கண்டுபிடித்துத் தந்தது, நான் தவறாக அழைத்தவர்தான்.