இடது கையால் சாப்பிட்ட கதாநாயகன்

ஊர்ப் பொதுவில் படம் போட, புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாங்கத் தருமபுரி கடைக்குப் போயிருந்தோம். சத்தம் பத்துமா என்றே எனக்குக் கவலை. கடைக்காரர் மெல்லிய திரை ஒன்றை விரித்தார்.

"ரெண்டு பக்கமும் படம் தெரியுமுங்க. பின்னாடியும் ஆளுங்க உக்காரலாம்."

சின்ன வயதில் ஊரில் படம் போட்டால் ஊர்க்காரர்கள் திரைக்கு முன்னால் உட்காருவார்கள். காலனிக்காரர்களான நாங்கள் பின்னால், எருக்குழி ஓரம். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்போம். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் சோறு தின்பான்.

"தெரியுதில்ல, பேசாம பாருடா" என்பார் அப்பா, வெற்றிலையைத் துப்பிவிட்டு.

கூட வந்த ஊர்ப் பெரியவர் திரையைத் தடவினார். "இதையே எடுத்துக்கலாம். கூட்டம் பிரிஞ்சு உக்காரும்."

"வேண்டாமுங்க" என்றேன். "பின்பக்கம் கறுப்பா இருக்கறதைக் குடுங்க. எல்லாரும் ஒரே பக்கம் உக்காருவோம்."