அடுத்த கட்டிலுக்குக் கிடைத்தது

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு எனக்குக் குளிரெடுத்தது. நானும், எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்க வரும் அக்காவும் சாலை வளைவில் சாக்குகளை அடுக்கிவைத்து இலை லாரிக்காக நின்றிருந்தோம். தேயிலை விலை விழுந்த பிறகு ஃபேக்டரிக்காரர்கள் எல்லா நாளும் இலை வாங்குவதில்லை. வாங்குகிற நாளிலும் லாரி நிறைந்துவிட்டால் நிற்காமல் போய்விடுவார்கள். அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"மழையில நனைஞ்சதுதான் டீச்சர்," என்றார் அக்கா. அவருக்கும் இரண்டு நாளாக உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது.

பந்தலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் வழியில் வந்த இரண்டு ஏக்கர் தேயிலை எங்களுக்கு உண்டு. விலை விழுந்ததும் கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். களை எடுக்க ஆள் வைக்க முடியவில்லை. கீழ்க்காட்டில் புல்லும் உண்ணிச்செடியும் இடுப்பளவு வளர்ந்தன. விடுமுறை நாட்களில் நானும் அக்காவும் அதற்குள் நுழைந்து, கைக்கு எட்டிய கொழுந்தைப் பறித்தோம். சின்ன வயதில் பெற்றோருடன் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவர் அவர். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் தனியாக இருந்தார்.

குளிருக்கு ஒரு வாரம் முன்பே எனக்கு இடுப்பில், கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் படுதா கட்டும் இடத்தில், ஒரு கறுப்புப் பொருக்கு வந்திருந்தது. அவருக்குக் கெண்டைக்காலில். மழைக்காலத்தில் இங்கே அட்டை கடிக்காத கால் கிடையாது. காலைத் திருப்பிக் காட்டி, "ஆஸ்பத்திரில காட்டலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

"அட்டைக்கடிக்கு ஆராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாக்கா? சுண்ணாம்பு வைங்க, போதும்," என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே குரலில் சொன்னேன். நான் சொன்னதால் அவர் போகவில்லை.

அட்டை கடித்தால் அரிக்கும். இது அரிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. களைக்காட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் கடி, அதிலிருந்து வரும் காய்ச்சல் என்று டாக்டர் விளக்கியபோது கேட்டுக்கொள்ள நான் விழிப்பில் இல்லை. என் மகள் கேட்டுக்கொண்டாள். ஒரே ஆம்புலன்சில் இருவரையும் மலையிறக்கியிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்த கட்டில். அக்கா இரண்டு நாளில் கண் விழித்தார். நான் மூச்சு இயந்திரத்தோடு ஆறு நாள் கிடந்தேன்.

அந்த ஆறு நாளைப் பற்றி என்னிடம் எதுவும் இல்லை. சிலேட்டைத் துடைத்தால் ஈரத்தின் தடமாவது மிஞ்சும். எனக்கு அதுவும் இல்லை. நனைத்த பஞ்சை ஒரு நர்ஸ் உதட்டில் வைத்ததிலிருந்துதான் என் ஞாபகம் மறுபடி தொடங்குகிறது.

அக்காவுக்கோ அந்த மயக்கத்தில் ஓர் இடம் கிடைத்திருந்தது. வீடு திரும்பிய மறுவாரம் மகள்தான் சொன்னாள். முடிவில்லாத தேயிலைக் காடாம், ஒரு களை கிடையாதாம். மழையில்லாத வெளிச்சமாம். அக்கா கூடையோடு ஒரு செடி நிரையில் நின்றபோது, "உன் கூடை இன்னும் நிறையல, போ," என்று யாரோ திருப்பி அனுப்பினார்களாம். பக்கத்து நிரையில் நான் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேனாம்.

"நானா?"

"நீயேதான். வேகமாப் பறிச்சியாம்."

அந்த வினாடியில்தான் பொறாமை வந்தது என்று நினைக்கிறேன். என்னை நானே பார்க்காத இடத்தில் அவர் என்னைப் பார்த்திருக்கிறார். ஒரே புதர், ஒரே பூச்சி, ஒரே மருந்து. இடம் அவருக்கு, இருட்டு எனக்கு. நாலாம் வகுப்போடு நின்றவருக்குக் காட்டியதை எனக்கு ஏன் காட்டவில்லை என்று ஓர் அசிங்கமான கேள்வியும் உள்ளே எழுந்தது. அதை எழுத இப்போதும் கூசுகிறது.

பிழைத்ததற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று நானும் தேடினேன். விடியற்காலையில் எழுந்து கண்மூடி உட்கார்ந்தேன். அடுப்பில் வைத்த பால்தான் மனதுக்குள் பொங்கியது. மாரியம்மன் கோயிலில் இருபத்தோரு சுற்று சுற்றினேன். பதினெட்டிலா பத்தொன்பதிலா என்று குழம்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். எதுவும் திறக்கவில்லை. யாராவது இருமினால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மகளுக்குத் தும்மல் வந்தால்கூட அவள் இடுப்பையும் கால்களையும் விளக்கு வைத்துத் தேடினேன்.

அக்காவின் லைன் வீட்டுக்கோ ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள், பிறகு நெல்லியாளத்திலிருந்து, பிறகு கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜீப் பிடித்து. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரின் துணியைக் கொண்டுவருவார்கள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காட்டைப் பற்றிச் சொல்வார். அழுதுகொண்டு வந்தவர்கள் முகம் துடைத்துக்கொண்டு போவதை எங்கள் மேட்டிலிருந்தே பார்க்கலாம். நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். அவரைக் கொழுந்து எடுக்கக் கூப்பிடுவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம், அவர் உடம்பு தேறட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் தாங்கியிருப்பேன். மகள் விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் அங்கே போனாள். தோளில் பையோடு போய், ஒரு மணி நேரம் கழித்துத் தலைமுடியில் அந்த அடுப்பின் புகை மணக்க இங்கே வந்தாள். ஒரு நாள் நான் தோசை ஊற்றிவைத்துக் காத்திருந்தேன்.

"அங்கயே ரொட்டி சாப்டுட்டேன்மா. தேங்காச் சம்பல் அரைக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப இந்த ஊட்டுக்கு எதுக்கு வந்த? துணி துவைக்கவா?"

"அதுக்குந்தான்," என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் பையைக் கீழே வைத்தாள். "ஏம்மா, அவங்க மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல."

"அவங்களுக்குத்தான் உம்மேல கோவம் இருக்கோணும். அட்டைன்னு சொன்னது நீதான். இன்னி வரைக்கும் அதை அவங்க ஒரு வார்த்தை பேசுனதில்ல."

"பெரிய மகான். நீயும் போய் அவங்க காலடியிலயே உக்காந்துக்கோ. உன்னப் பெத்தவ ஒருத்தி இங்க பொழச்சு வந்தது உனக்குக் கண்ணுல படல."

அவள் தட்டை எடுத்து, ஆறிப்போன தோசையை உட்கார்ந்து தின்றாள். அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. பரீட்சை என்றாள். போனில் பேசும்போது, "சரிம்மா, சரிம்மா," என்று மட்டும் சொன்னாள். ஆறு நாள் கிடந்தபோது இழக்காத மகளை, நன்றாக நடமாடிக்கொண்டே இழந்துகொண்டிருக்கிறேன் என்று பயந்தேன். ஆனாலும் லைன் வீட்டுப் பாதையில் என் கால் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் சமையலறைக் கதவு தட்டப்பட்டது. மகள்தான் சொல்லாமல் வந்துவிட்டாள் என்று ஈரக்கையோடு ஓடினேன். அக்கா நின்றிருந்தார். இளைத்திருந்தார். பின்பக்கத்துத் தோட்டம் வழியாக ஏறி வந்ததில் சேலையெல்லாம் ஈரம்.

"தேத்தண்ணி இருக்கா டீச்சர்?"

அவர் இந்த வீட்டுக்குள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பாலை அடுப்பில் வைத்தேன். அவரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு ஜீப்பு வந்து நிக்குது. பின்னால ஏறிக் குதிச்சு ஓடியாந்துட்டேன்."

"ஏன்?"

டம்ளரை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். "அப்படி ஒரு காட்ட நான் பாக்கல டீச்சர்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒண்ணுமே பாக்கல. கண்ணு முழிக்கிறேன், ஒங்க புள்ள ஒங்க கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவுல நிக்குது. நீங்க மிசின்ல கெடக்குறீங்க. அம்மா இப்ப எங்க இருப்பாங்கன்னு என்னயக் கேக்குது. எங்கயும் இல்லன்னு ஒரு புள்ளகிட்ட சொல்ல ஏலுமா? எனக்குத் தெரிஞ்ச எடம் தேயிலைக் காடுதான். அங்க கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க, நான் இப்பதான் பாத்துட்டு வந்தேன்னேன். மறுநா வந்து, இன்னிக்கு எத்தன நிரை எடுத்தாங்கன்னு கேட்டுச்சு. என்ன செய்ய? நீங்க முழிக்கிற வரைக்கும் ஒங்கள எடுக்க வச்சேன்."

ஆறு நாள் நான் எங்கே இருந்தேன் என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. ஒருத்தி கேட்க, ஒருத்தி சொல்ல, இந்த இருவரின் பேச்சுக்குள் இருந்திருக்கிறேன். கோயிலைச் சுற்றித் தேடியதைவிட அது பெரிதாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் பாத்திரத்தைக் கழுவினேன்.

"லைன் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட இதச் சொல்லிடலாமில்லக்கா?"

"அதுகளும் அந்தப் புள்ள நின்ன மாதிரியேதான் நிக்குதுக. வாய் வரல." ஒரு மிடறு குடித்தார். "எல்லாரும் கேக்குறாங்க டீச்சர், என்ன பாத்த, என்ன பாத்தன்னு. நீங்க ஒரு ஆள்தான் இத்தன நாளா ஒண்ணும் கேக்கல. அதான் இங்க வந்தேன். கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டுப் போறேன்."