ராகுகாலத்தில் ஒரு ரீஸ்டார்ட்

போன மாங்காய் சீசனில் என் நைனா, அதாவது அப்பா, என்னைப் பத்து முறையாவது திட்டியிருப்பார். திட்டுவது என்னைத்தான் என்று அவருக்குத் தெரியாது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். சித்தூரை அடுத்த ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு நாங்கள்தான் சர்வர் போட்டுக் கொடுத்தோம். மாங்காய் வண்டி எடைமேடையில் ஏறினால் எடையைப் பதிந்து டோக்கன் தருவது அதன் வேலை. அந்தப் பகுதியை எழுதிய மகராசி நான். அது நாள் தவறாமல் ஒரு முறை ஹேங் ஆனது.

திங்களன்று காலை ஒன்பதுக்கு. செவ்வாய் மாலை நாலரைக்கு. வெள்ளி பன்னிரண்டுக்கு, சனி பத்தரைக்கு. கிழமைக்கு ஒரு நேரம், ஆனால் வாரா வாரம் அலாரம் வைத்ததுபோல அதே நேரம். நாங்கள் அதை ரீஸ்டார்ட் செய்தால் பாதியில் நின்ற பதிவுகள் அழிந்துவிடும், முன்னால் நின்ற வண்டிகளைப் பதிவு இல்லை என்று தூக்கி வரிசையின் வாலுக்கு அனுப்புவார்கள். எங்கள் மேனேஜர் வைரஸ் என்றார், மெமரி போதவில்லை என்றார், கடைசியில் சர்வர் அறையில் எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் கலர் கலராகக் கிராஃப் போட்டேன். அழகாக வந்தது, ஒன்றும் புரியவில்லை.

இதற்கு நடுவில் நைனா தன் முதல் மகசூலை ஞாயிறன்றே அங்கே கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே போனில் சர்வர் செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர், சொந்த நிலத்தில் வைத்த தோத்தாபுரி மாமரங்கள் முதல் தடவையாகக் காய்த்து ஒரு டிராக்டர் நிறைந்திருந்தது. செவ்வாய் மாலை எடைமேடையில் ஏறப்போகும் நேரம் பார்த்து என் சர்வர் படுத்துக்கொண்டது. அவரை வாலுக்குத் தள்ளினார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டரப் பண்ணவன் வெளங்கவே மாட்டான்" என்று போனில் கத்தினார். அன்று இரவு வரிசையிலிருந்து அவர் மறுபடி அழைத்தபோது, வெட்கத்தில் நான் போனை எடுக்கவில்லை.

மறுநாள் புதன், மதியம் பன்னிரண்டே காலுக்கு மறுபடி அழைத்தார்.

"கீறியா?"

"கீறேன் நைனா."

எங்கள் பக்கம் சிக்னல் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோகும். அதனால் நைனா இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை 'கீறியா', அதாவது லைனில் இருக்கிறாயா, என்று கேட்டு, நான் 'கீறேன்' என்ற பிறகுதான் மேலே பேசுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

"துன்னியா நைனா?"

"துன்னேன். ஃபேக்டரி கேட் ஆண்டதான் நின்னுக்கினு கீறேன், முன்னால மூணு வண்டிதான். இன்னிக்கும் பின்னால தள்ளிட்டானுங்கன்னா காய் அத்தினியும் கனிஞ்சி ஒழுவிடும். அப்புறம் எவனும் வாங்க மாட்டான். கீறியா?"

"கீறேன். வரிசை நவுருதா?"

"எப்டி நவுரும்? ராகுகாலம் ஆச்சே. ஒன்றரை வரைக்கும் எவனும் எடமேட மேல வண்டி ஏத்த மாட்டான். கிளார்க்கே டீ குடிக்கப் பூட்டான்."

போனை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். திங்கள் ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. என் கிராஃப் முழுக்க அந்த அட்டையில் அச்சாகியிருந்தது. இதையெல்லாம் நம்பாதவள் என்கிற திமிரில் அந்தக் காலண்டரை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

சர்வர் டேட்டாபேஸோடு பேச இருபது இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். ஒரு மணி நேரம் பேச்சுமூச்சில்லை என்றால் தொழிற்சாலையின் ஃபயர்வால் அவற்றைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டியது சர்வருக்குத் தெரியாது. இரவும் பகலும் ஓடுகிற எடைமேடை அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் ஓய்ந்திருக்கும். ராகுகாலம் முடிந்து வண்டிகள் ஏறியதும், செத்த இணைப்பில் பதிலை எதிர்பார்த்து சர்வர் நின்றுவிடும். எங்கள் அலுவலகச் சோதனைகளில் ராகுகாலம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திருத்தம் ஒரே வரி. ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்பும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் கேட்டுக்கொள்ள வேண்டும். அதாவது, சர்வருக்கும் 'கீறியா' கேட்கக் கற்றுக்கொடுத்தேன். வேகம் குறையும் என்று ஆரம்பத்தில் அந்த வரியை வேண்டாம் என்றவளும் நான்தான்.

ஒன்றே காலுக்கு மேனேஜரிடம் போனேன். ரீஸ்டார்ட் செய்தால்தான் திருத்தம் ஏறும். பாதியில் நிற்கும் பதிவு ஒன்றுகூட இல்லாத நேரம் இதுதான்.

"இப்ப வத்தும்மா, வேணாம்" என்றார். தெலுங்கு கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது. "ராகுகாலத்துல புதுசா எதுவும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஒன்றரைக்கு மேல சூத்தாம், பாத்துக்கலாம்."

"ஒன்றரைக்கு மறுபடி படுத்துடும் சார். அந்த வரிசையில எங்க நைனா நிக்கிறாரு."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "புதுசா எதுவும் ஸ்டார்ட் பண்ணல சார். பழசக் கொல்றோம். அதுக்கும் நேரம் பாக்கணுமா?"

மேனேஜர் இதை மிகவும் தீவிரமாக யோசித்தார். "கொல்றதுன்னா சரி" என்றார். "ஆனா நான் இங்க இல்ல." எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

ராகுகாலத்தை நம்பாத நான், என்டரைத் தட்டுமுன் ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒன்றரை ஆனது. திரையில் முதல் வண்டி எண் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதாக எங்கள் டிராக்டர் எண். அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நைனா டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். "பாத்தியா, ராகுகாலம் போனதும் மடமடன்னு ஏறிச்சி" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சர்வரை எழுதியதும் நான்தான், ராகுகாலத்திலேயே சரிசெய்ததும் நான்தான் என்று கொட்டிவிட்டேன்.

"நீ எழுதினதுன்னு தெரியும்" என்றார். "டோக்கன் அடியில போட்டுக் கீற கம்பெனி பேரும் உன் ஆபீஸ் கார்டு பட்டைல கீறதும் ஒரே எழுத்துதானே?"

"அப்புறம் ஏன் நைனா அப்டித் திட்டின?"

"சுத்தி அத்தினி பேரும் திட்டிக்கினு கீறானுங்க. நான் மட்டும் சும்மா நின்னா, ஏன்னு கேப்பானுங்க இல்ல? உன் பேரு வெளிய வந்துடும்."

சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

"ஆனா நேத்து சாயங்காலம் திட்டினது மட்டும் நெசமாத்தான்" என்றார்.