என் இடது கைக்குப் பதிலாக வாசித்தவர்

நேற்று சாயங்காலம் மேடையில் என் இடது கை நின்றுவிட்டது.

மணிக்கட்டில் நரம்பு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு இதுதான் முதல் நிகழ்ச்சி. வழுதக்காட்டில் ஒரு சின்ன ஹால். (சின்னதுதான், ஆனால் உட்கார இடமில்லாத கூட்டம்!)

நாங்கள் நான்கு பேர், ஆபீஸ் நேரம் போக லத்தீன் இசை வாசிக்கிறவர்கள். நான் கீபோர்டு. எங்களிடம் பேஸ் கிட்டார் கிடையாது. கீழ்ச்சுரங்களை எல்லாம் என் இடது கைதான் வாசிக்க வேண்டும்.

நேற்று எங்களோடு காங்கா வாசிக்க வந்தவர் கொச்சிக்காரர் செபாஸ்டியன். காங்கா என்பது கையால் தட்டும் உயரமான மேளம். அவர் முன்னால் மூன்று இருந்தன. வெளிநாட்டு மேடைகளில் பல வருடம் வாசித்தவர். போஸ்டரில் அவர் படம்தான் பெரிது. (எங்கள் படம் ஸ்டாம்ப் சைஸ்.) மூன்றாவது பாட்டின் நடுவில் அவருக்கு நீண்ட சோலோ. அப்போது பின்னால் கீபோர்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஏற்பாடு.

அந்தப் பாட்டில்தான், சோலோவுக்குச் சற்று முன்பு, என் விரல் நுனிகள் மரத்துப்போயின. பிறகு விரல்கள் மடங்கவே இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வலது கை மட்டும் பழக்கத்தில் ஓடியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இந்தப் பாட்டு மட்டும் அல்ல, எல்லாமே.

ஆனால் நான் விட்ட ஒவ்வொரு இடத்திலும், அவருடைய மூன்று காங்காக்களில் பெரிய மேளம் கனத்த குரலில் ஒலித்தது. செபாஸ்டியன் தன் தாளத்தை மாற்றி, என் இடது கையின் வேலையை அந்த மேளத்தில் செய்துகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

சோலோ வந்தது. கிட்டார் வாசிக்கும் தீபா அவரைப் பார்த்துக் கை காட்டினாள். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அவர் சோலோவில் இறங்கியிருந்தால் நான் ஒற்றைக் கையில் தள்ளாடுவது ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். யாருக்காக இத்தனை பேர் வந்தார்களோ, அவர் கடைசி வரை தாளம் மட்டும் போட்டார்.

கடைசிப் பாட்டில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது. பயந்து பயந்து ஒரு கீழ்ச்சுரத்தைத் தொட்டேன். அடுத்த அடியிலேயே அவர் பெரிய மேளத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் போய், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"உங்க தோள் மேலே போச்சு அல்லே. அப்பவே மனசிலாச்சு."

"உங்க சோலோ போச்சே, சேட்டா."

"அது இன்னொரு நாள் வாசிக்கலாம். நீங்க முதல்ல டாக்டரைப் போய்க் காணணும், கேட்டோ."

இன்று காலை போனேன். நரம்புக்கு ஒன்றும் இல்லையாம். ஒரு வாரமாக அளவுக்கு மீறிப் பயிற்சி செய்ததில் தசை களைத்திருக்கிறது, நான்கு நாள் ஓய்வு போதும் என்றார் டாக்டர். வெளியே வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். (பார்க்கிங் அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.)

கணவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், நேற்று எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் நல்லா வாசிச்சீங்க. அந்த மேளக்காரருக்குத்தான் நேத்து என்னமோ மூடே இல்ல, கேட்டியா."

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

இப்போது மூன்றாவது தடவை ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். என் கை நின்ற இடம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.