சூடாகாத சிப்

விவேக் நகர் ஆஞ்சலாவுக்குப் பிடிவாதம் அதிகம். பெரிய கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், சீனிவாசராகவன் பேச்சை நம்பி அவருடைய சின்னக் கம்பெனிக்கு வந்தாள். வந்தவள் தன் நல்ல வயசையெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் சிப்புக்குக் கொட்டினாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "சிப் வெளிய வரட்டும்" என்பாள். பாவி மகள், வருஷக்கணக்காக இதையே சொன்னாள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் பெரிய மூளைகள் சில இருக்கும். கரண்டைக் குடம் குடமாய்க் குடிக்கும், மேலே ஃபேன் ஓயாமல் இரையும். ஆஞ்சலாவின் சிப்பில் குட்டிக் குட்டியாய் நூற்றுக்கு மேல். பேட்டரியிலேயே ஓடும், தொட்டால் சூடு தெரியாது. ஒரே கஷ்டம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அது அசையும்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்று சிப்பைக் கேட்டு வந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் சிப் பிழைக்கும். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவர்களுடைய பழைய புரோகிராமை ஆஞ்சலா பிரித்து மேய்ந்து, தன் சிப்புக்கு ஏற்றபடி புதிதாக எழுதினாள். ஒப்பிட்டுப் பார்த்த அன்று பழையது அவர்களுடைய டெஸ்க்டாப்பில் திணறியது. புதியது அவள் சிப்பில் பறந்தது. சீனிவாசராகவனுக்கு முகமெல்லாம் பல்.

அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஹரிஷ் மெதுவாகக் கேட்டான்: "மேடம், நீங்க எழுதின புதுசையே எங்க டெஸ்க்டாப்லயும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா? ரெண்டு பக்கமும் ஒரே புரோகிராம் இருந்தாத்தானே ஃபேர்?"

நியாயமான கேள்வி. அவள் அதைச் செய்து பார்த்ததே இல்லை. தன் சிப் ஜெயிப்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மடத்தனத்தை என்ன சொல்ல. "தாராளமா" என்றாள்.

டெஸ்க்டாப் முந்திவிட்டது. கொஞ்ச நஞ்சமில்லை. அவள் கஷ்டப்பட்டுப் பிரித்துக் கொடுத்த வேலை அதற்கும் வாகாய் அமைந்துவிட்டது.

"எங்களுக்குக் கரண்ட் பத்துல ஒரு பங்குதான் ஆகுது, ஹரிஷ்" என்றாள்.

"கரண்ட் பில் ஆஸ்பத்திரி கட்டுது, மேடம். நாங்க கட்றதில்ல."

திரும்பும்போது காரில் சீனிவாசராகவன், "ஓட்டிப் பாக்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர்மேல் ஆத்திரம் வந்தது. தன்மேல் வந்ததில் அது பாதிகூட இல்லை.

அந்த வருஷமே சீனிவாசராகவன் கம்பெனியை மூடினார். ஹரிஷ் போன் செய்து வேலைக்குக் கூப்பிட்டான். வயிறு இருக்கிறதே, போனாள். முதல் வேலையாக, அதே புரோகிராமை டெஸ்க்டாப்பில் இன்னும் வேகமாக ஓட வைக்கச் சொன்னார்கள். செய்து கொடுத்தாள். நன்றாகவே செய்து கொடுத்தாள்.