அட்மின் எலியேசரின் சமாதானம்

குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா, வளர்ந்தபின் முழுக வேண்டுமா என்று திருப்பதித் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழு அடித்துக்கொண்டபோது, அட்மின் எலியேசர் ஒரே சட்டம் போட்டார்: ஞானஸ்நானப் பேச்சை எடுத்தால் வெளியே. சட்டத்தை மீறிய பாஸ்டரையே குழுவிலிருந்து தூக்கியவர் என்ற பேர் அவருக்கு இனித்தது.

ஏர்பேட்டிலிருந்து அவர் தங்கை சாராள் குழுவில் எழுதினாள்: "எங்கொயந்த ஆஸ்பத்திரிலயே செத்துப்போச்சு. ஞானஸ்நானம் குடுக்கல. பரலோகத்துல சேத்துக்குவாங்களா?"

எலியேசர் அவளை நீக்கினார். பதறிய மனைவியிடம், "சட்டம்னா அல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

பிறகு இரங்கல் செய்தியை அவரே போட்டார். கூப்பிய கைகள் வந்து குவிந்தன. குழு இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லையென்று பூரித்துப்போனார்.

சாராளின் போனில், அவள் கேள்விக்குக் கீழே, அண்ணன் அவளை நீக்கிய வரி மட்டும் நின்றது.